பாங்குப் பங்கும் வதந்தி விலையும்

சென்ற மாதம் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் ஆய்வுக்காக அமர்ந்திருந்தேன். நூல் இருப்பைச் சரிபார்த்து முடித்து, கூலிப் பட்டுவாடாப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்த வேளையில் அங்கத்தினர் ஒருவர் தயங்கியவாறே வந்து எதிரில் நின்றார். முப்பது ஆண்டுகளாக அச்சங்கத்துக்கு நெய்து வருபவர். மத்தியக் கூட்டுறவு பாங்கில் தம் பெயரில் இருக்கும் 60,000 ரூபாய் வைப்பைத் தவணைக்கு முன்னரே எடுத்தால் வட்டியில் எவ்வளவு குறையும் என்று கேட்டார்.

அப்பணம் அவருடைய மகளின் செவிலியர் கல்லூரிக் கட்டணத்துக்கென்று ஒதுக்கப்பட்டது; ஜூன் மாதத்தில் கட்ட வேண்டியது. ஆனால் திருப்பூரிலிருந்து மைத்துனரின் மகன் ஒரு செய்தி சொல்லியிருக்கிறான். தனியார் பாங்கு ஒன்றின் பங்கு நாள்தோறும் ஏறிக்கொண்டே போகிறதாம். பெரிய பாங்கு ஒன்று அதை விலைக்கு வாங்கப்போகிறதாம். அதற்கு மேல் 250 சதவீத டிவிடெண்டும் அறிவித்திருக்கிறார்களாம். பத்து நாள் பங்கை வைத்திருந்தால் இரண்டு பக்கத்திலும் லாபம்.

"அறுபதாயிரத்துக்கு இரண்டரை மடங்கு டிவிடெண்டு என்றால் ஒன்றரை லட்சம் அல்லவா, ஐயா?" என்று அவர் கேட்டார்.

அவர் கேட்டதில் பேராசை ஏதுமில்லை. சொன்னவன் சொன்ன கணக்கை அவர் அப்படியே நம்பினார், அவ்வளவுதான். இதே கேள்வியை வேறு சங்கங்களிலும் விவசாய அன்பர்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஆகவே, பாங்குப் பங்குகளின் விலை திடீரென ஏறுவதற்குக் காரணமாகச் சொல்லப்படும் இவ்விரண்டு விஷயங்களையும், அதாவது டிவிடெண்டுக்காக வாங்குவதையும், பாங்கு கைமாறப்போகிறது என்ற வதந்தியையும், எளிய முறையில் விளக்க முற்படுகிறேன்.

டிவிடெண்டுச் சதவீதம் எதன் மேல்?

டிவிடெண்டு அல்லது லாப ஈவு என்பது, கம்பெனி தன் லாபத்தில் ஒரு பகுதியைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதாகும். அதைச் சதவீதமாகச் சொல்லும்போது பங்கின் முகமதிப்பின் மேல்தான் கணக்கிடுவார்கள். சந்தையில் நாம் கொடுத்த விலையின் மேல் அன்று. பெரும்பாலான அன்பர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

நமது நண்பர் வாங்க எண்ணிய பங்கின் முகமதிப்பு 2 ரூபாய். 250 சதவீதம் என்றால் பங்கு ஒன்றுக்கு 5 ரூபாய். சந்தை விலையோ 240 ரூபாய். 240 ரூபாய் போட்டவருக்குக் கிடைப்பது 5 ரூபாய். அதாவது நூற்றுக்கு இரண்டு ரூபாய்க்குச் சற்று மேல். 60,000 ரூபாய்க்கு 250 பங்குகள் வாங்கலாம். அவற்றுக்கு டிவிடெண்டு 1,250 ரூபாய். ஒன்றரை லட்சம் என்று அவர் நினைத்த தொகை, காகிதத்தில் கணக்குப் போட்டதும் 1,250 ஆகிவிட்டது.

சரி, அந்த 1,250 ரூபாயாவது லாபமா? அதையும் பார்ப்போம்.

கன்றோடு விலையும் கன்று நீங்கிய விலையும்

டிவிடெண்டு அறிவிக்கும் கம்பெனி, அதனுடன் ஒரு பதிவு நாளையும் குறிப்பிடும். அந்நாளில் யாருடைய பெயர் பங்குதாரர் பட்டியலில் இருக்கிறதோ அவருக்கே டிவிடெண்டு. 2023-ஆம் ஆண்டு ஜனவரி 27 முதல் நம் நாட்டுப் பங்குச் சந்தைகளில் இன்று வாங்கிய பங்கு அடுத்த வேலை நாளில் நம் கணக்குக்கு வந்து சேருகிறது. ஆகையால் பதிவு நாளுக்கு முந்திய வேலை நாளிலாவது வாங்கியிருந்தால்தான் டிவிடெண்டு உண்டு. பதிவு நாளன்றே வாங்குபவருக்குக் கிடைக்காது.

சந்தையில் கன்றோடு நிற்கும் பசுவுக்கு ஒரு விலை. கன்றைப் பிரித்துவிட்டால் வேறு விலை. கன்றில்லாத பசுவைக் கன்றோடு கூடிய விலைக்கு எவனும் வாங்க மாட்டான். பங்கும் அவ்வாறே. பதிவு நாளுக்கு முன்தினம் வரை அதன் விலையில் டிவிடெண்டும் சேர்ந்திருக்கிறது. பதிவு நாளில் டிவிடெண்டு பிரிந்துவிடுவதால், விலையும் ஏறக்குறைய அவ்வளவு இறங்குகிறது. சந்தையின் மற்றப் போக்குகளால் அன்று இறக்கம் சிறிது கூடலாம், குறையலாம். ஆனால் அடிப்படைக் கணக்கு இதுதான். பாங்கின் பெட்டியிலிருந்து வெளியே போன பணம் பாங்கின் மதிப்பில் மீண்டும் இருக்க முடியாது அல்லவா?

ஆகவே 240 ரூபாய்க்கு வாங்கிய பங்கு 235 ஆகிறது. 5 ரூபாய் டிவிடெண்டு கைக்கு வருகிறது. 58,750-ம் 1,250-ம் சேர்ந்து பழைய 60,000-தான். இதற்கிடையில் வாங்கும்போதும் விற்கும்போதும் நூற்றுக்குப் பத்துக் காசு வீதம் பரிவர்த்தனை வரி, அதற்கு மேல் தரகுக் கட்டணம், முத்திரை வரி ஆகியவை உண்டு. 2020 ஏப்ரல் முதல் டிவிடெண்டு பெறுபவருடைய வருமானத்தோடு சேர்ந்து வருமான வரிக்கும் உட்பட்டது. டிவிடெண்டுக்காக மட்டும் சில நாள் பங்கை வாங்கி வைத்திருப்பவர், மற்றவை சமமாக இருந்தால், செலவுக் கணக்கில் சிறிது இழந்தவராகவே திரும்புகிறார்.

இதை ஏட்டைப் பார்த்து மட்டும் சொல்லவில்லை. உத்தியோகத்துக்கு வந்த புதிதில் யானும் ஒரு பங்கைப் பதிவு நாளுக்கு இரண்டு நாள் முன்னதாக வாங்கினேன். டிவிடெண்டு வந்தது. விலை அதைவிடச் சற்று அதிகமாகவே இறங்கிற்று. பட்டதாரி என்ற பெயர் அன்று எனக்கு உதவவில்லை.

டிவிடெண்டு நிச்சயமான உரிமையும் அன்று. கொரோனா நோய் பரவிய காலத்தில், 2019–20 நிதியாண்டு லாபத்திலிருந்து எந்த வர்த்தக பாங்கும் கூட்டுறவு பாங்கும் டிவிடெண்டு வழங்கலாகாது என்று ரிசர்வ் பாங்கு தடுத்துவிட்டது. லாபம் ஈட்டிய பாங்குகளும் தடைக்குப் பிறகு அவ்வாண்டு லாபத்திலிருந்து கொடுக்க முடியவில்லை.

வதந்தி விலை ஏறுவது எப்படி?

ஒரு பாங்கை மற்றொரு பாங்கு எடுத்துக்கொள்ள விரும்பினால், இருக்கும் பங்குதாரர்கள் இணங்கும்படி சந்தை விலையைக் காட்டிலும் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும். இந்த எதிர்பார்ப்பில்தான் வதந்தி கிளம்பியவுடன் வாங்குவோர் கூடுகின்றனர். வைத்திருப்போரோ, இன்னும் ஏறட்டும் என்று விற்காமல் இருக்கின்றனர். வாங்குவோர் பலரும் விற்போர் சிலரும் ஆனால் விலை ஏறாமல் என்ன செய்யும்?

இங்கேதான் கவனிக்க வேண்டிய சிக்கல் ஒன்றிருக்கிறது. பதிவு நாள் நெருங்கும்போது டிவிடெண்டுக்காக வாங்குவோரும் சந்தைக்கு வருகின்றனர். அவர்களால் விலை சிறிது ஏறுகிறது; கைமாறும் பங்குகளின் எண்ணிக்கையும் கூடுகிறது. வெளியிலிருந்து பார்ப்பவர், "யாரோ திரட்டுகிறார்கள், பாங்கு கைமாறுவது உண்மைதான்" என்று முடிவு செய்கிறார். வதந்தியால் விலை ஏற, அவ்வேற்றமே வதந்திக்குச் சாட்சியாகிவிடுகிறது. பாங்கினுள்ளே ஒரு கடனாவது கூடுதலாக வசூலாகியிருக்க வேண்டியதில்லை. ஒரு ரூபாய் லாபமாவது மிகுந்திருக்க வேண்டியதில்லை. பதிவு நாள் கழிந்ததும் டிவிடெண்டுக்காக வந்தவர்கள் விற்றுவிட்டுப் போகின்றனர். வதந்தியை நம்பி வந்தவர்கள் நின்றுகொண்டிருக்கின்றனர்.

மேலும், பாங்கு என்பது விரும்பியவர் விரும்பியபடி வாங்கிவிடக் கூடிய பண்டமன்று. ஒரு பாங்கின் பங்குகளில் 5 சதவீதமோ அதற்கு மேலோ வாங்க நினைப்பவர் ரிசர்வ் பாங்கின் முன் அனுமதி பெற வேண்டும். எவ்வளவு பங்கு வைத்திருந்தாலும் ஒருவருடைய வாக்குரிமை 26 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஒருவருடைய பங்கு 25 சதவீதத்தை எட்டினால், மற்றப் பங்குதாரர்களிடமிருந்தும் குறைந்தது 26 சதவீதத்தை வாங்க முன்வர வேண்டும் என்று பங்குச் சந்தை வாரியமான செபியின் 2011-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. இவ்விதி சிறு பங்குதாரருக்கு ஒரு பாதுகாப்பே. ஆனால் இது உண்மையில் கைமாற்றம் நிகழும்போது மட்டுமே உதவும், வதந்திக்கு உதவாது.

மூன்று பாங்குகளின் கதை

வதந்தி மெய்யாகி நன்மை விளைந்த சந்தர்ப்பங்களும் உண்டு. அவற்றை மறைப்பது நியாயமாகாது. நூற்பாலை அதிபர் கருமுத்து தியாகராஜச் செட்டியாரால் 1943-இல் மதுரையில் நிறுவப்பட்ட மதுரா பாங்கு, 2001 மார்ச் மாதத்தில் ஐசிஐசிஐ பாங்குடன் இணைந்தது. மதுரா பாங்கின் பங்கு ஒன்றுக்கு ஐசிஐசிஐ பாங்கின் பங்குகள் இரண்டு கிடைத்தன. இணைந்தபோது மதுரா பாங்கு நொடித்த பாங்கு அன்று. ஆகவே அதன் பங்குதாரர்களால் விலை பேச முடிந்தது.

ஏறக்குறைய அதே காலத்தில் ஐதராபாத்தைச் சேர்ந்த குளோபல் டிரஸ்ட் பாங்கு, யூடிஐ பாங்குடன் இணையப்போவதாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்புக்கு முன்னரே அதன் பங்கு வேகமாக ஏறியிருந்தது. அவ்வேற்றத்தைப் பற்றி விசாரணை எழுந்தது. 2001-லேயே இணைப்பும் கைவிடப்பட்டது. 2004 ஜூலை 24-இல் பாங்குக்குப் பட்டுவாடாத் தடை விதிக்கப்பட்டது. அடுத்த மாதம் அது ஓரியண்டல் பாங்க் ஆப் காமர்ஸுடன் சேர்க்கப்பட்டது. பணம் போட்டவர்கள் காப்பாற்றப்பட்டனர். பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

மூன்றாவது, நமக்கு மிக அருகில் நடந்தது. கரூர் நகரத்து வணிகர்கள் எழுவர், வி. எஸ். என். இராமலிங்கஞ் செட்டியார் தலைமையில், 1926-இல் லட்சுமி விலாஸ் பாங்கைத் தொடங்கினர். கரூர்ச் சுற்று வட்டாரத்து வியாபாரத்துக்கும் கைத்தொழிலுக்கும் விவசாயத்துக்கும் உதவுவதே அதன் நோக்கமாயிருந்தது. அப்பகுதி மக்கள் பலர் அதன் பங்குகளைக் குடும்பச் சொத்துப் போலப் போற்றி வந்தனர்.

பிற்காலத்தில் பெரிய கடன்கள் வாராக் கடன்களாயின. 2017–18-இல் சுமார் 585 கோடி ரூபாய் நஷ்டம். 2018–19-இல் சுமார் 894 கோடி. 2019–20-இல் சுமார் 836 கோடி. இந்த நஷ்டங்களின் நடுவேதான் இணைப்புச் செய்திகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. 2019 ஏப்ரலில், இந்தியாபுல்ஸ் ஹவுசிங் பைனான்ஸ் கம்பெனியுடன் இணைப்பு என்று அறிவிக்கப்பட்டது. பாங்கின் 100 பங்குகளுக்கு அக்கம்பெனியின் 14 பங்குகள் என்று விகிதமும் சொல்லப்பட்டது. அப்போது பங்கின் விலை 90 ரூபாயைத் தாண்டியிருந்தது. அக்டோபரில் ரிசர்வ் பாங்கு அவ்விணைப்புக்கு அனுமதி மறுத்தது. 2020 ஜூனில் கிளிக்ஸ் என்னும் நிறுவனத்தோடு பேச்சு என்றார்கள். மீண்டும் நம்பிக்கை பிறந்தது. செப்டம்பரில் நடந்த பொதுப் பேரவையில் நிர்வாக இயக்குநர் உட்பட ஏழு இயக்குநர்களின் நியமனத்தைப் பங்குதாரர்கள் நிராகரித்தனர்.

2020 நவம்பர் 17-ஆம் தேதி மாலை பட்டுவாடாத் தடை வந்தது. பணம் போட்டவர்கள் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. அன்று பங்கின் விலை சுமார் 15 ரூபாய். அன்றே ரிசர்வ் பாங்கு ஒரு வரைவுத் திட்டத்தையும் வெளியிட்டது. அதன்படி, சிங்கப்பூர் டிபிஎஸ் பாங்கின் இந்தியக் கிளை நிறுவனம் 2,500 கோடி ரூபாய் மூலதனம் கொண்டுவந்து பாங்கை எடுத்துக்கொள்ளும். நவம்பர் 27-இல் அத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஏறக்குறைய 20 லட்சம் பேர் போட்டிருந்த 20,000 கோடி ரூபாய் வைப்புகளுக்கு ஒரு காசும் குறைவில்லை. பங்கு மூலதனமோ முழுவதும் நீக்கப்பட்டது. நவம்பர் 27-ஆம் தேதியிலிருந்து லட்சுமி விலாஸ் பாங்கின் பங்கு என்று ஒன்று இல்லை. 90 ரூபாய்க்கு வாங்கியவருக்கும் 15 ரூபாய்க்கு வாங்கியவருக்கும் கிடைத்தது ஒன்றே, அது பூஜ்யம்.

இதில் ஒரு விஷயத்தை ஊன்றிக் கவனிக்க வேண்டுகிறேன். பெரிய பாங்கு ஒன்று இந்தப் பாங்கை எடுத்துக்கொள்ளும் என்ற வதந்தி பொய்யாகவில்லை. அது மெய்யே ஆயிற்று. அப்படியிருந்தும் பங்குதாரருக்கு ஒன்றுமில்லை. கைமாறுமா என்று மட்டும் கேட்டவர்கள், பாங்கின் சொத்துக்கு மேல் கடன் இருக்கிறதா என்று கேட்க மறந்தார்கள். நல்ல நிலையிலுள்ள பாங்கு கைமாறினால் பங்குக்கு விலை உண்டு. நொடித்த பாங்கு கைமாறினால், அரசாங்கமும் ரிசர்வ் பாங்கும் காப்பது பணம் போட்டவரையே, பங்குதாரரை அன்று. பங்குதாரர் சொந்தக்காரர், நஷ்டம் முதலில் சொந்தக்காரரைச் சேரும். இது பாங்குச் சட்டத்தின் குறையன்று. பங்கு என்ற சொல்லின் பொருளே அதுதான்.

வைப்பு வேறு, பங்கு வேறு

வர்த்தக பாங்குகளிலும் கூட்டுறவு பாங்குகளிலும் உள்ள வைப்புக்கு ஒருவருக்கு ஒரு பாங்கில் 5 லட்சம் ரூபாய் வரை காப்புறுதி உண்டு. 2020 பிப்ரவரி 4 முதல் இத்தொகை ஒரு லட்சத்திலிருந்து ஐந்து லட்சமாக உயர்ந்தது. நமது தொடக்கச் சங்கங்களின் வைப்புகளுக்கு இக்காப்புறுதி இல்லை என்பதையும் அங்கத்தினர்கள் அறிந்திருக்க வேண்டும். ஆகையால்தான் தணிக்கை அறிக்கையைப் பொதுப் பேரவையில் படிக்கும்போது உறங்காமல் கேட்கும்படி யான் வற்புறுத்துவது. பங்குக்கோ எந்தப் பாங்கிலும் காப்புறுதி கிடையாது.

நமது சங்கப் பங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. 100 ரூபாய்க்கு வாங்கிய சங்கப் பங்கு 100 ரூபாயாகவே இருக்கிறது. அதை எவரும் திரட்டிச் சங்கத்தைக் கைப்பற்ற முடியாது, ஏனெனில் எத்தனை பங்கு இருப்பினும் ஒருவருக்கு ஒரு வாக்குத்தான். அதனால் அது ஏறுவதுமில்லை. சங்கம் நஷ்டப்பட்டால் அதுவும் கரையக் கூடியதே. கம்பெனிப் பங்கை வாங்கவே கூடாது என்பது என் கருத்தன்று. கணக்கைப் படித்து, பல ஆண்டுகளுக்கு வேண்டாத பணத்தைக் கொண்டு, நல்ல பாங்கின் பங்கை வாங்கி வைத்திருப்போர் பயனடைந்திருக்கின்றனர். யான் எச்சரிப்பது வதந்தியின் பேரில், தேதி குறித்து வைத்த பணத்தைப் போடுவதை மட்டுமே.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

1. டிவிடெண்டு எத்தனை சதவீதம் என்று கேளாதீர்கள். பங்கு ஒன்றுக்கு எத்தனை ரூபாய், இன்றைய விலைக்கு அது எத்தனை சதவீதம் என்று கேளுங்கள்.

2. பதிவு நாள் எது? அதற்கு மறுநாளும் இப்பங்கை இதே மனநிறைவோடு வைத்திருப்பீர்களா?

3. கைமாற்றச் செய்தியைப் பாங்கே பங்குச் சந்தைக்கு எழுத்து மூலம் தெரிவித்திருக்கிறதா? நாட்டின் முதல் 250 பெரிய கம்பெனிகள், தங்களைப் பற்றிப் பத்திரிகையில் வரும் வதந்தியால் விலை பெரிதும் மாறினால், 24 மணி நேரத்துக்குள் உண்டு அல்லது இல்லை என்று சொல்ல வேண்டும். 2024 டிசம்பர் முதல் இக்கடமை அவ்வளவு கம்பெனிகளுக்கும் உண்டு. சிறிய பாங்குகளுக்கு இக்கட்டாயம் இல்லாதிருக்கலாம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

4. கடந்த மூன்றாண்டுகளில் பாங்கு லாபமா, நஷ்டமா? வாராக் கடன் கூடுகிறதா, குறைகிறதா? ரிசர்வ் பாங்கு அதன் மேல் ஏதேனும் கட்டுப்பாடு விதித்திருக்கிறதா?

5. இந்தப் பணம் எந்தத் தேதியில் எதற்கு வேண்டும்?

நமது நண்பரிடம் இவற்றையெல்லாம் அன்று மாலை சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "விலை ஏறுகிறதென்னவோ உண்மைதானே, ஐயா? அப்படியானால் அந்த லாபம் யாருக்குத்தான் போகிறது?" என்றார்.

சரியான கேள்வி. முன்பே குறைந்த விலையில் வாங்கி வைத்திருந்து, வதந்தி முற்றியபோது விற்பவருக்குப் போகிறது. விற்பவருக்கு லாபம் கிடைக்க வேண்டுமானால் உயர்ந்த விலை கொடுத்து வாங்க ஒருவர் வர வேண்டும். "நீங்கள் கொண்டுபோகும் அறுபதாயிரந்தான் அவர்களுடைய லாபம்" என்றேன்.

அவர் சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு வைப்பு ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தவணை மே மாதத்தில்தான் முடிகிறது, அதுவரை இருக்கட்டும் என்று கூறிப் பாவு ஓட்டப் போய்விட்டார். அந்தப் பங்கின் விலை இனி ஏறலாம், இறங்கலாம். அதை யானும் அறியேன், அந்தத் திருப்பூர்ப் பையனும் அறியான். ஜூன் மாதத்தில் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும் என்பது மட்டும் எங்கள் இருவருக்கும் நிச்சயமாகத் தெரியும்.